70 வளைவு... 60,000 ரூபாய்... ஒரு மஞ்ச நோட்டீஸ்!

காரவள்ளியைத் தாண்டியதுமே முதல் கொண்டை ஊசி வளைவு வந்துவிடுகிறது. மொத்தம் 70. டிரைவர் அண்ணன் ஸ்டீயரிங்கை ஒடிக்க, பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஒரே பக்கமாகச் சரிய, பக்கத்து சீட்டில் இருந்த 'ஆடிட்டர்' சத்தமாக ஆரம்பித்தான்.

"ஒண்ணு! மாப்ள, 60,000 வகுத்தல் 70. வளைவு ஒண்ணுக்கு 857 ரூபா. எண்ணிக்கிட்டே வா!"

அவன் நிஜ ஆடிட்டர் எல்லாம் இல்லை. மூணாவது வருஷம் மெக்கானிக்கல். கேன்டீன்ல டீ குடிச்சாகூட யார் யார் எவ்வளவு தரணும்னு நோட்டில் எழுதி வைப்பான் என்பதால் அந்தப் பேர். அந்த 60,000 ரூபாய் எங்கள் கிளாஸ் பசங்களோடது. அதை வசூல் பண்ணி ஒரு டிராவல்ஸ்காரருக்கு அனுப்பி வெச்ச புண்ணியவான்... ஹி... ஹி... அடியேன்தான்!

கதையை முதல்ல இருந்தே சொல்லிடறேன். எங்கள் கிளாஸில் 42 பேர். செமஸ்டர் முடிஞ்சதும் கொல்லிமலைக்கு ரெண்டு நாள் டூர் என்று முடிவானது. சேலத்தில் ஒரு டிராவல்ஸ். காலேஜ் பசங்களுக்கென்றே பேக்கேஜ் போடுகிறவர். வேன், காட்டேஜ், மூணு வேளை சாப்பாடு, கேம்ப் ஃபயர், டி.ஜே., ஆளுக்கு ஒரு டி-ஷர்ட். தலைக்கு 2,400 ரூபாய். அட்வான்ஸ் 1,500. "இருபது பேருக்கு ஒரு ஆர்கனைசர் ஃப்ரீ தம்பி" என்றார். ஆக 40 பேர் பணம் கட்டுவது, நானும் கிளாஸ் ரெப்பும் ஃப்ரீ. எல்லார் பணமும் என் போனுக்கு வந்தது. என் போனில் இருந்து அவர் நம்பருக்கு ஜிபே. ரசீது கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் ஒரு கட்டை விரல் வந்தது. அவ்வளவுதான் எங்களிடம் இருந்த டாக்குமென்ட்!

கிளம்ப நாலு நாள் இருக்கும்போது போன் ஸ்விட்ச் ஆஃப். சரி, சார்ஜ் போட்டிருப்பார். மறுநாளும் ஸ்விட்ச் ஆஃப். நேரில் போனால் ஷட்டரில் பூட்டு. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர்தான் சொன்னார்.

"அவரு மஞ்ச நோட்டீஸ் விட்டுட்டாரு தம்பி. ஐ.பி.!"

எங்க கிளாஸ் ரெப் என்னைப் பார்த்தான். "ஐ.பி.ன்னா... ஐ.பி. அட்ரஸா மச்சான்?"

சிரிக்காதீங்க பாஸ். உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எங்கள் தாத்தாவுக்கெல்லாம் நன்றாகத் தெரிந்த வார்த்தை இது. கடனைக் கட்ட முடியாதவர், 'நான் திவாலாகிவிட்டேன் என்று அறிவியுங்கள்' என்று கோர்ட்டில் போடுவது ஐ.பி. அதாவது இன்சால்வென்சி பெட்டிஷன். அதற்காகக் கடன் கொடுத்தவர்கள் வீட்டுக்கு வரும் காகிதம்தான் மஞ்ச நோட்டீஸ். இதற்கான சட்டம் 1920-ஆம் வருஷத்தது, மாகாண நொடிப்புச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமாச்சே, மனு போட எவ்வளவு கடன் இருக்கணும் தெரியுமா? 500 ரூபாய்! அந்தக் கணக்குப்படி பார்த்தால் எங்கள் ஹாஸ்டலில் பாதிப் பேர் இப்பவே தகுதி.

செய்தி கிளாஸ் குரூப்பில் போனதும் முப்பது நிமிஷம் ஒரே அமைதி. அப்புறம் ஒருத்தன் கேட்டான்: "ஆமா, ஆர்கனைசர்ஸ் எவ்ளோ கட்டினீங்க?" அதுக்கு நான் பதில் போடவில்லை. டைப் பண்ணினேன், அழித்தேன், டைப் பண்ணினேன், அழித்தேன்.

டூர் கேன்சல். ஆனால் ஹாஸ்டலில் பத்து பேர் "டிராவல்ஸ் போனா என்ன, கவர்மென்ட் பஸ் போகாதா?" என்று கிளம்பிவிட்டார்கள். நான் பதினோராவது ஆள். எனக்கு அருவியெல்லாம் பார்க்கிற மூடே இல்லை. அவர் அனுப்பிய பேக்கேஜ் லிஸ்ட்டில் செம்மேட்டில் ஒரு லாட்ஜ் பேர் இருந்தது. ஒருவேளை எங்கள் பணத்தில் கொஞ்சமாவது அங்கே போய்ச் சேர்ந்திருந்தால்? அந்த நப்பாசைதான்.

நாமக்கல்லில் பஸ் ஏறி, சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி. அதுவரைக்கும் வெயில் மண்டையைப் பிளந்தது. இருபதாவது வளைவு தாண்டியதும் ஜன்னல் வழியே காற்று மாறிவிட்டது. நாற்பதில் காது அடைத்தது. ஐம்பதில் கிளாஸ் ரெப் எலுமிச்சம்பழத்தை மூக்கிலேயே ஒட்டி வைத்துக்கொண்டான். டிரைவர் அண்ணனோ ஒரு கையில் ஸ்டீயரிங், ஒரு கையில் ஹாரன் என்று அசால்ட்டாகப் போய்க்கொண்டிருந்தார். எழுபது முடிந்து சோளக்காடு வந்ததும் எல்லாரும் கை தட்டினோம். பின் சீட்டில் வாழைத்தார்க்காரர் ஒருத்தர் எங்களை வேற்றுக் கிரகவாசிகளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவருக்கு அது டவுன் பஸ்தானே!

சோளக்காட்டில் இறங்கி நின்றாலே வாசனை தூக்குகிறது. பலாப்பழம், அன்னாசி, மலை வாழை, மிளகு, காபிக்கொட்டை. மலையே ஒரு மளிகைக் கடை. அங்கிருந்து செம்மேடு கொஞ்ச தூரம்தான். ஊர் நடுவில் வல்வில் ஓரி சிலை. கடையெழு வள்ளல்களில் ஒருத்தர், இந்த மலையை ஆண்டவர். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று அஞ்சையும் வீழ்த்தியவராம். ஆடிட்டர் சிலையை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "இவரு ஒரு அம்புல அஞ்சு. நம்மாளு ஒரு நோட்டீஸ்ல நாப்பது!"

லாட்ஜைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. சின்ன இடம், எட்டு ரூம், முன்னால் சில்வர் ஓக் மரங்கள். ஓனர் அண்ணனுக்கு நாற்பது வயது இருக்கும். டிராவல்ஸ் பேரைச் சொன்னதும் அவர் முகம் பிரகாசமானது.

"அவரு அனுப்பினாரா? பணம் குடுத்து விட்டாரா?"

எங்களுக்குப் புரிந்துபோனது. அவருக்கும் புரிந்துபோனது. ரெண்டு நிமிஷம் யாரும் பேசவில்லை. அப்புறம் அவர் உள்ளே போய் நீளமான நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். மூணு காலேஜ் ட்ரிப். ரூம் வாடகை பாக்கி 38,000. நாங்கள் வர வேண்டிய தேதியில் எங்கள் பேரே இல்லை. "புக்கிங்கே போடலியே தம்பி. நீங்க வர்றதே எனக்குத் தெரியாது."

சமையல்கட்டில் இருந்து ஒரு அக்கா வந்தார். லாட்ஜ் ஆள் இல்லை. டூர் கும்பல் வந்தால் சமைத்துக் கொடுப்பவர். அவருக்கு வர வேண்டியது 11,000. கடைசியாக வந்த கும்பலுக்குக் கோழியும் அரிசியும் கடையில் கடன் சொல்லி வாங்கி ஆக்கிப் போட்டாராம். கடைக்காரருக்கு அவர் இன்னும் கொடுத்து முடிக்கவில்லை. "நீங்களும் அவன்கிட்டதான் ஏமாந்தீங்களா? அட, உக்காருங்க. சாப்ட்டீங்களா?" என்றார். எனக்கு நிஜமாகவே தொண்டையை அடைத்தது. சேலத்தில் இருந்து ஏறி வரும்போது, மலையில் இருக்கும் யாரோதான் எங்கள் பணத்தை வைத்திருக்கிறார்கள் என்று மனசுக்குள் சண்டைக்குத் தயாராகத்தான் வந்தேன்.

ரெண்டு ரூம் பாதி வாடகைக்குக் கொடுத்தார் அண்ணன். "அவன் செஞ்சதுக்கு உங்கள என்ன பண்றது?" இதை ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு ராத்திரி லாட்ஜ் வராண்டாவில் (அங்கே மட்டும்தான் சிக்னல்!) போனில் படித்த ஒரு விஷயம். 2019 செப்டம்பர் 23. இங்கிலாந்தின் தாமஸ் குக் கம்பெனி திவால். 178 வருஷக் கம்பெனி. 1841-இல் லெஸ்டர் ஊரில் இருந்து லஃப்பரோவுக்கு ரயிலில், தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக் கூட்டிப் போனதில் தொடங்கியது அவர்கள் கதை. அதாவது, நம்ம 'பேக்கேஜ் டூர்' என்கிற சங்கதிக்கே தாத்தா! அந்தக் கம்பெனி மூழ்கிய சமயம், துனிசியாவில் ஒரு ஹோட்டல்காரர் 'கம்பெனி தர வேண்டிய பணத்தை நீங்கள் கட்டுங்கள்' என்று கேட்டை மூடிவிட்டதாக அங்கே தங்கியிருந்தவர்கள் சொன்னார்கள். எங்கள் செம்மேட்டு அண்ணன் கேட்டைத் திறந்துவிட்டார்.

ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு கவசம் இருந்தது. வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட சுமார் ஒன்றரை லட்சம் பேரை அரசாங்கமே விமானங்களை வாடகைக்கு எடுத்துத் திரும்பக் கூட்டி வந்தது. இனிமேல்தான் போக வேண்டும் என்று பேக்கேஜுக்குப் பணம் கட்டியிருந்தவர்களுக்கும் பணம் திரும்பக் கிடைத்தது. 'அட்டால்' என்று ஒரு ஏற்பாடு, 1973-இல் இருந்து இருக்கிறது. விமான டூர் விற்கிற கம்பெனி ஆளுக்கு இரண்டரை பவுண்டு ஒரு பொது நிதியில் போட்டுவிட வேண்டும். கம்பெனி கவிழ்ந்தால் அந்த நிதி கை கொடுக்கும். (இந்தியாவில் இருக்கும் தாமஸ் குக் 2012-லேயே வேறு முதலாளிக்குப் போய்விட்ட தனிக் கம்பெனி. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.)

நம்ம ஊரில்? அதே 2019, அடுத்த மாசமே, காக்ஸ் அண்ட் கிங்ஸ். 1758-இல் தொடங்கிய பேர். மும்பை கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் திவால் நடவடிக்கை ஆரம்பித்து, 2021 டிசம்பரில் கலைத்துவிட உத்தரவானது. டூருக்குப் பணம் கட்டியவர்கள் க்ளெய்ம் ஃபாரம் நிரப்பிக் காத்திருக்க வேண்டியதானது. 2023 மே மாசம் கோ ஃபர்ஸ்ட் விமானங்கள் நின்றன. 2025 ஜனவரியில் அதுவும் கலைப்புக்குப் போனது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் தரையிறங்கி, 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் கலைக்கச் சொன்னது. இப்படிக் கலைக்கும்போது பணத்தைப் பிரித்துக் கொடுக்க 2016 திவால் சட்டத்தில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் நடைமுறைச் செலவு, அப்புறம் தொழிலாளர் பாக்கியும் அடமானம் பிடித்த பேங்க்குகளும், மற்ற ஊழியர் சம்பளம், அடமானம் இல்லாத கடன், அரசாங்க பாக்கி... இதெல்லாம் முடிந்து கடைசிப் பந்தியில்தான் டிக்கெட் வாங்கின நாம். கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்கு உட்கார்ந்தவருக்குத் தெரியும், பாயசம் தீர்ந்து, அப்பளம் தீர்ந்து, ரசமும் தண்ணியாக வரும் அந்த நேரம்!

மறுநாள் அறப்பளீஸ்வரர் கோயில். அங்கிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேலே படிகள். இறங்கும்போது பாட்டு, ஏறும்போது மூச்சு என்பதுதான் இந்தப் படிகளின் சட்டம். ஆனால் கீழே போய் நின்றால்... சும்மா சொல்லக்கூடாது. முந்நூறு அடி உயரத்தில் இருந்து ஐயாறு அப்படியே கொட்டுகிறது. பக்கத்தில் போக முடியவில்லை, சாரலே அறைகிறது. பத்து நாளாக என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த 60,000 என்கிற நம்பர் அந்தச் சத்தத்தில் கால் மணி நேரம் கேட்கவே இல்லை.

மேலே ஏறி வந்ததும் முடவாட்டுக்கால் கிழங்கு சூப். ரோமம் ரோமமாக ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும் கிழங்கு, சுத்த சைவம், மிளகு போட்டுக் கொதிக்கக் கொதிக்கத் தருகிறார்கள். ரெண்டு டம்ளர் குடித்தால் முட்டி வலி போகுமாம். சூப் விற்ற பாட்டி கோயில் கதை சொன்னார். அறுத்த மீன் மறுபடி பொருந்தி ஆற்றில் நீந்தின தலம் இது என்று. ஆடிட்டர் பவ்யமாகக் கேட்டான்: "பாட்டி, அறுத்த மீன் சரி. அனுப்பின ஜிபே திரும்பி வருமா?"

இதற்கு உருப்படியான பதில் சொன்னது என் ரூம்மேட்டோட அத்தை. நாமக்கல்லில் வக்கீல். அன்று சாயங்காலம் வராண்டாவில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். லாட்ஜ் அண்ணனும் சமையல் அக்காவும் பக்கத்தில்.

"மொதல்ல இதச் சொல்லுங்க கண்ணு. பணம் யார் பேர் அக்கவுண்டுக்குப் போச்சு? கம்பெனி பேரா, ஆள் பேரா?"

பார்த்தோம். ஆள் பேர்.

"அப்ப டிராவல்ஸ்ங்கறது வெறும் போர்டு. சட்டத்துக்கு ஆளும் கடையும் ஒண்ணுதான். பிரைவேட் லிமிடெட்னா கம்பெனி சொத்தோட நின்னுடும், தீர்ப்பாயத்துக்குப் போகணும். இவரு சொந்தப் பொறுப்புல கடனாளி. ரெண்டாவது, மனு போட்டதாலயே ஒருத்தர் திவாலாகிட மாட்டாரு. கோர்ட் விசாரிச்சு அறிவிக்கணும். அறிவிச்சுட்டா அப்புறம் அந்தக் கோர்ட் அனுமதி இல்லாம அவர்மேல வேற கேஸ் போட முடியாது. சரி, உங்க யாருக்காவது நோட்டீஸ் வந்துச்சா?"

வரவில்லை. எங்களுக்கும் இல்லை, அண்ணனுக்கும் இல்லை, அக்காவுக்கும் இல்லை.

"அப்ப அவரு குடுத்த கடன் லிஸ்ட்டுல நீங்க இல்லைன்னு அர்த்தம். அவர் போன்ல இருக்கறது ஒரு பையன் நம்பர். மத்த நாப்பது பேர் இருக்கறதே அவருக்குத் தெரியாதே! லிஸ்ட்டுல ஏறணும்னா நீங்களா கோர்ட்டுல போய் கடனை நிரூபிக்கணும்."

அப்போதுதான் லாட்ஜ் அண்ணன் சாதாரணமாக ஒரு விஷயம் சொன்னார். கடைசி ட்ரிப்புக்கு டிராவல்ஸ்காரர் சொந்த வேனில் வரவில்லை, வாடகை வண்டியில் வந்தார். சொந்த வண்டியை ஃபைனான்ஸ்காரர்கள் தூக்கிவிட்டதாக டிரைவர் சொன்னானாம். நோட்டில் தேதி இருந்தது. நாங்கள் அட்வான்ஸ் கட்டுவதற்கு ஒரு மாசம் முன்னால்!

போனில் அத்தையின் குரலே மாறிவிட்டது. "அந்தப் பக்கத்த போட்டோ எடுங்க. வண்டியும் இல்ல, ரூமும் போடல, ஆனா உங்ககிட்ட பணம் மட்டும் வாங்கியிருக்காரு. ஏமாத்தி வாங்குன கடன் திவால்ல விடுதலை கிடைச்சாலும் அழியாதுன்னு அந்தப் பழைய சட்டத்துலயே இருக்கு. ஏமாத்துனாரா, இல்ல சமாளிச்சுடலாம்னு நெனச்சு மூழ்கினாரான்னு கோர்ட்தான் சொல்லணும். ஆனா இது இல்லாம நீங்க பேசவே முடியாது."

நுகர்வோர் ஆணையம் பற்றியும் அவர்தான் சொன்னார். 2019 சட்டம், 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. கேஸ் போட டிராவல்ஸ் இருக்கும் ஊருக்குப் போக வேண்டியதில்லை, நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் ஃபீஸ் கிடையாது. ரெண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. ஆணையம் அனுமதித்தால் ஒரே குறை உள்ள பலர் சேர்ந்து ஒரே மனுவாகப் போடலாம். முதலில் 1915-க்குப் போன் பண்ணியும் புகாரைப் பதியலாம். "கிரெடிட் கார்டுல கட்டியிருந்தா 'சர்வீஸ் தரல'ன்னு பேங்க்லயே கேட்டு வாங்கப் பாத்திருக்கலாம். நீங்க தனி ஆள் நம்பருக்கு அனுப்பியிருக்கீங்க. கையில காசு குடுத்த மாதிரிதான்."

"எங்களுக்கு?" என்றார் அக்கா.

அத்தை கொஞ்சம் தயங்கினார். அண்ணனும் அக்காவும் நுகர்வோர் இல்லை. தொழில் செய்து பாக்கி வர வேண்டியவர்கள். அந்த இலவசக் கதவு அவர்களுக்குத் திறக்காது. சிவில் கேஸ், அல்லது அந்த ஐ.பி. கோர்ட்டிலேயே கடனை நிரூபித்து வரிசையில் நிற்பது. 11,000 ரூபாய்க்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் எழுபது வளைவு இறங்கி ஏறணும். டூர் போனவனுக்கு இருக்கிற சட்டம் அவனுக்குச் சோறு ஆக்கினவருக்கு இல்லை என்பது எனக்கு இப்போதும் ஜீரணமாகவில்லை.

அன்று ராத்திரி மலைக் குளிர். போர்வையைப் போர்த்திக்கொண்டு லிஸ்ட் எழுதினோம். நாற்பது பேர், தொகை, தேதி, பரிவர்த்தனை நம்பர். கீழே லாட்ஜ் 38,000. சமையல் 11,000. ஆடிட்டர் எழுதிக்கொண்டே வந்து, என் பேருக்கு நேரே பேனாவை நிறுத்தினான்.

"உனக்கு எவ்ளோ மாப்ள?"

"ஜீரோ" என்றேன். "இருபது பேருக்கு ஒரு ஆள் ஃப்ரீ."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். 'கமிஷன் அடிச்சியா'ன்னு கேட்டிருந்தால்கூட 'இல்லடா'ன்னு கத்தியிருக்கலாம். அந்த ஃப்ரீ டிக்கெட்தான் என்னை ரசீதுகூட வாங்காமல் பணத்தை அனுப்ப வைத்தது என்று எனக்கு நன்றாகவே தெரியும். கிளாஸ் ரெப் போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டான். அவனும் ஜீரோதானே!

காலையில் அக்கா தட்டில் மிளகு போட்ட நாட்டுக்கோழிக் குழம்பு வைத்தார். சாப்பாட்டுக் காசை முன்னாலேயே வாங்கிக்கொண்டுதான்! அதில் எங்களுக்கு வருத்தமே இல்லை. கிளம்பும்போது ஆளுக்குக் கால் கிலோ மிளகு அவரிடமே வாங்கினோம்.

ஊருக்கு வந்து எல்லாருக்கும் சேர்த்து நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டாயிற்று. நோட்டுப் பக்கத்தின் போட்டோவும் சேர்த்து. ஐ.பி. கோர்ட்டிலும் எங்கள் பேரைச் சேர்க்க அத்தை எழுதிக் கொடுத்திருக்கிறார். அதே பேப்பரில் லாட்ஜ் அண்ணனுக்கும் அக்காவுக்கும் தனித்தனியாக. ஒரு வாய்தா முடிந்திருக்கிறது. டிராவல்ஸ்காரர் வரவில்லை.

நானும் கிளாஸ் ரெப்பும் ஆளுக்கு 1,500 எடுத்து வைத்தோம். மொத்தம் 3,000. நாற்பது பேருக்குப் பிரித்தால் தலைக்கு 75 ரூபாய். சிலர் வேண்டாம் என்றார்கள், சிலர் அதற்கு டீ வாங்கிக் கொடுக்கச் சொன்னார்கள். ஆடிட்டர் மட்டும் 75-ஐ வாங்கி, ரெண்டு தடவை எண்ணிப் பார்த்து, பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, நோட்டைத் திறந்து எழுதினான்: 'மீதி 1,425.'